போர்க்கால விமானி வாழ்ந்த வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில், இன்றைய வங்கதேசப் பக்கம் இருந்தார். அம்மாவுக்குச் சொந்த ஊர் குன்னூர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டார். கடைசிக் காலத்தில் அவர் பேசியதை நான் ஒலிப்பதிவு செய்து எழுதி வைத்தேன். அது தெரிந்து வெலிங்டன், அரவங்காடு, கோத்தகிரி, கூடலூர் பக்கமெல்லாம் பலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தாத்தா ‘ஏர்ஃபோர்ஸ்’ என்று மட்டும்தான் தெரியும். அவர் விமானியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பதவிப் பெயரைப் பாருங்கள். கார்ப்பரல், சார்ஜன்ட், ஜூனியர் வாரன்ட் ஆபீசர், வாரன்ட் ஆபீசர், மாஸ்டர் வாரன்ட் ஆபீசர் என்று இருந்தால் அவர் பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியிலோ, தரைப்பணியிலோ இருந்தவர். ஃப்ளையிங் ஆபீசர், ஃப்ளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர் என்றால் அதிகாரி. ஆனால் அதிகாரி எல்லோரும் விமானியும் அல்ல. ‘பைலட் ஆபீசர்’ என்பதுகூட வெறும் பதவிப் பெயர்தான். கணக்கு வழக்குப் பார்த்தவரும் அந்தப் பதவியில் இருந்திருக்கலாம்.

சீருடைப் படம் இருந்தால் இடது மார்பைப் பாருங்கள். பாக்கெட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் விரிந்த சிறகு இருந்தால் விமானி. ஒற்றைச் சிறகு என்றால் வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர் போல விமானத்தில் வேறு பணி செய்தவர்.

அவர் விமானி இல்லை என்று தெரியவந்து முகம் வாடிப் போன பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் படிவம் 700 பற்றிச் சொல்வேன். ஒவ்வொரு விமானத்துக்கும் அந்தப் படிவம் உண்டு. எஞ்சின் பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி தன் கையெழுத்தைப் போட்டு ஏறுவார். உங்கள் தாத்தாவின் கையெழுத்தை நம்பி ஒருவர் போருக்குப் பறந்து போயிருக்கிறார். அதையும் எழுதி வையுங்கள்.

எங்கள் பெரியவர் போரைப் பற்றி வாயே திறப்பதில்லை. வற்புறுத்திக் கேட்கலாமா?

வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருங்கள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

என் அப்பா ஐம்பது வருஷம் பேசவில்லை. பள்ளியில் ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, “ஹெலிகாப்டர் ஓட்டினேன்னு எழுதிக்கோ கண்ணு, போதும்” என்றார். நான் வளர்ந்து, எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் கேட்டபோதும் அதே பதில்தான்.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அந்த ஊர் ஜனங்கள் குடத்தில் தண்ணீரோடும் கம்பளியோடும் ஓடினார்கள். அதில் வந்த 14 பேரில் 13 பேர் அன்றே போய்விட்டார்கள். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். மலை முழுக்க மேகம். எதிர்வீட்டு சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. அவருக்கு அப்போது 80 வயது. சால்வைகூடப் போர்த்தாமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

“மேகத்துக்குள்ள போயிட்டா மேல எது, கீழ எதுன்னு உடம்பு பொய் சொல்லும் கண்ணு. திரும்பாமயே திரும்புறோம்னு சொல்லும். உடம்பை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்பணும். அது வாயால சொல்ல லேசு.”

எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசையுணர்வு தப்பியது, இயந்திரக் கோளாறு ஏதுமில்லாமல் அது தரையில் மோதியது என்று அடுத்த மாதம் விசாரணைக் குழு சொன்னது. அப்பா வாசலில் நின்று சொன்னதும் அதுதான்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவராகவே, “நாளைக்கு ஒம்பதாம் தேதிதானே?” என்றார். ஆமாம் என்றேன். “மேக்னா தாண்டுனது ஒம்பதாம் தேதி” என்றார். 1971 போரில் மேக்னா ஆற்றைத் தாண்டியதைத்தான் சொன்னார். ஐம்பது ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் குறைவு. செல்போனை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். அவரிடம் கேட்டுத்தான் வைத்தேன். அப்படி மூன்று ராத்திரி பேசினார். மறுவருஷம் மழைக்காலத்தில் போய்விட்டார்.

உட்காரச் சம்மதித்துவிட்டார். என்ன கேட்பது?

“எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று மட்டும் பிள்ளைகளைக் கேட்கவிடாதீர்கள். “பயமா இருந்துச்சா?” என்பதும் முதல் கேள்வி ஆகாது. காலில் என்ன போட்டிருந்தீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்துக் கட்டிலில் யார் படுத்தார், உட்காரும் இடத்தில் என்ன வாசனை அடித்தது என்று கேளுங்கள். உடம்புக்குத் தெரிந்ததைக் கேட்டால் மனம் தானாகப் பின்னால் வரும்.

நான் கேட்ட முதல் கேள்வி, “குளிருமாப்பா?” என்பதுதான். அப்பா ஓட்டியது எம்ஐ-4. ரஷ்யத் தயாரிப்பு. அதில் எஞ்சின் மூக்குப் பகுதியில் இருக்கும், விமானிகள் அதற்கு மேலே உட்கார வேண்டும். டிசம்பர் குளிரிலும் பாதம் மட்டும் சுடுமாம். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது.

டாக்கா போகும் வழியில் மேக்னா ஆறு குறுக்கே கிடந்தது. ஆஷுகஞ்ச் ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. ஜெனரல் சகத் சிங்கின் படையை ஹெலிகாப்டரில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக முடிவானது. குரூப் கேப்டன் சந்தன் சிங் அதை முன்னின்று நடத்தினார். டிசம்பர் 9 தொடங்கி இரவும் பகலும் எம்ஐ-4கள் போய்வந்தன. இருட்டில் இறங்குமிடத்தை டார்ச் விளக்கால் காட்டினார்கள். இதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. ஏறிய சிப்பாய்களின் பூட்ஸ் சேற்றால் உள்தளம் வழுக்கியதும், ஒரு சிப்பாய் இறங்கும்போது அப்பாவின் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தைத் திணித்துவிட்டு ஓடியதும் எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்று அப்பாவுக்குத் தெரியாது. மூன்று ராத்திரியும் அவனைப் பற்றிப் பேசினார். குன்னூர் மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கினால் அப்பா எப்போதும் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைப்பார். ஏன் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

அவர் சொல்வது ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை. திருத்தலாமா?

இரண்டையும் எழுதுங்கள், தனித்தனியாக. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்காதீர்கள்.

மேக்னாவைத் தாண்டிய ராத்திரி முழுநிலா என்றார் அப்பா. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்த வருஷம் கார்த்திகைப் பௌர்ணமி டிசம்பர் 2. போர் மூண்டது 3ஆம் தேதி மாலை. 9ஆம் தேதி என்றால் தேய்பிறையில் பாதி நிலாதான், அதுவும் நடுராத்திரிக்கு மேல்தான் உதிக்கும். முன்னிரவு கும்மிருட்டு. டார்ச் விளக்கு தேவைப்பட்டதும் அதனால்தான். போரின் முதல் ராத்திரிகளில் பார்த்த நிலாவை அப்பாவின் மனம் ஆற்றுக்கு மேலே கொண்டுவந்து வைத்துவிட்டது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. நோட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதி, எதிர்ப்பக்கத்தில் பஞ்சாங்கக் கணக்கை எழுதினேன். பொய் சொன்னார் என்று ஒருபோதும் நினைக்க மாட்டேன். அவர் எதை முக்கியமாக வைத்திருந்தார் என்பதை அந்த நிலா சொல்கிறது.

ஆவணமும் எப்போதும் முழுசாக இருப்பதில்லை. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் போய்த் திரும்பவில்லை. அவர் தன் பழைய மிஸ்டேர் விமானத்தைக்கொண்டு, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகக்கூடிய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை வீழ்த்தினார் என்பது எதிர்த்தரப்பிலிருந்து செய்தி கசிந்த பிறகே இங்கே தெரிந்தது. மகாவீர் சக்ரா 1988இல்தான் கொடுக்கப்பட்டது. 23 ஆண்டு அந்த வீட்டாரிடம் இருந்தது ‘திரும்பி வரவில்லை’ என்ற ஒரு வரிதான்.

அவருடைய லாக் புக் (பறந்த கணக்கு எழுதும் புத்தகம்) கிடைத்திருக்கிறது. எப்படிப் படிப்பது?

இதைவிடப் பெரிய சொத்து உங்கள் வீட்டில் இல்லை. தேதி, விமான வகை, விமானத்தின் எண், உடன் பறந்தவர், பணி, பகல் நேரம், இரவு நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலதிகாரி கையெழுத்திட்டிருப்பார். இரவுப் பறத்தலையும் போர்ப் பறத்தலையும் சிவப்பு, பச்சை என்று வேறு மையில் எழுதும் வழக்கம் பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்தது. மை மாறும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

போர் நாளிலும் எழுத்து மிகச் சுருக்கமாக இருக்கும். அப்பாவின் புத்தகத்தில் அந்த நாட்களுக்கு எதிரே படை ஏற்றம், படை ஏற்றம் என்றுதான் வரிசையாக இருக்கிறது. நான் தேடியது இன்னொன்று: உடன் பறந்தவர் பெயர். ஒரே பெயர் மாதக்கணக்கில் தொடர்ந்து வந்து ஒரு நாள் நின்றுபோனால், அங்கே ஒரு கதை இருக்கிறது. மாற்றலாகவும் இருக்கலாம். மெதுவாகக் கேளுங்கள்.

பீரோவில் பதக்கங்கள் இருக்கின்றன. எது எதற்கு?

பர்மா ஸ்டார் என்றால் இரண்டாம் உலகப் போரில் பர்மா முனை. 1965க்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். 1971க்கு பூர்வி ஸ்டார் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனை, சங்கிராம் மெடல் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாக. கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல். வீர் சக்ரா, வாயு சேனா மெடல் ஆகியவை தனிப்பட்ட செயலுக்கானவை. அவற்றோடு ஏன் கொடுக்கப்பட்டது என்ற சான்றுரை இருக்கும், அதைத் தேடுங்கள். பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும். ரிப்பன் நைந்து போனால் புதியது மாட்டலாம், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணிப் பதிவுகளை எங்கே கேட்பது?

அதிகாரி அல்லாதவர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படைப் பதிவு அலுவலகம். எப்படி எழுதுவது என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் இருக்கின்றன. நம் நாட்டில் 25 ஆண்டு கடந்த போர் ஆவணங்களைப் பரிசீலித்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் கொள்கை அறிவித்தது. படை எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மலை ஈரத்தில் கடிதமும் படமும் பூஞ்சை பிடிக்கின்றன. என்ன செய்வது?

நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டுக்கும் நடுவே மேகம். இங்கே காகிதம் வைத்திருப்பது பிள்ளை வளர்ப்பதுபோல.

லேமினேட் செய்யவே கூடாது. அது திரும்ப எடுக்க முடியாத கேடு. செல்லோடேப், ரப்பர் பேண்ட், கம்பி கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டில்தான் ஈரம் அதிகம் ஏறும். வீட்டின் நடுச்சுவர்ப் பக்கம், இடுப்பு உயரத்தில் வையுங்கள். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மாதாமாதம் மாற்றுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் வரும்போது பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். பூஞ்சை ஏற்கெனவே பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

சில பழக்கங்கள் விசித்திரமாக இருக்கின்றன. அவையும் போரிலிருந்து வந்தவையா?

பெரும்பாலும் பயிற்சியிலிருந்து வந்தவை. காரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்பா ஏறுவார். ஊட்டி பஸ்ஸில் போகும்போது ஏதாவது சமதரை தெரிந்தால், “இங்க இறக்கலாம்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தாலும் அதேதான். என் மகனும் இப்போது அப்படிச் சொல்கிறான்.

உடம்பிலும் சில உண்டு. விமானத்திலிருந்து இருக்கையோடு எகிறித் தப்பியவர்களுக்கு அந்த ஒரு நொடி உந்துதலில் முதுகெலும்பு நசுங்குவது உண்டு. ஆண்டுக்கணக்கான எஞ்சின் இரைச்சல் காதை மங்கவைக்கும். தாத்தாவின் முதுகுவலியை வயசு என்று தள்ளிவிடாமல் ஒருமுறை கேளுங்கள். அலமாரியில் சிவப்பு முக்கோணம் போட்ட கழுத்து டை கிடந்தால், அது மார்ட்டின் பேக்கர் நிறுவனம் தன் இருக்கையால் உயிர் தப்பியவர்களுக்குக் கொடுப்பதாக இருக்கலாம்.

தூக்கத்தில் அலறல், காரணமில்லாத கோபம், கூட்டத்தைக் கண்டால் விலகல் எல்லாம் வேறு. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். கதை கேட்பது வைத்தியம் ஆகாது.

எங்கள் வீட்டில் விமானி யாருமில்லை. பாட்டி சிலோன் தோட்டத்தில் இருந்தபோது கொழும்பில் குண்டு விழுந்ததைச் சொல்வார். அதைப் பதிவு செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். நீலகிரியில் இதைக் கேட்பவர்கள் நிறைய, ஏனென்றால் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஏராளம்.

பாட்டி சொல்வது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலை. 4ஆம் தேதி மாலையே அந்தக் கப்பல் கூட்டத்தைக் கடலில் கண்டவர் கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்ச்சல். கொக்கலையிலிருந்து கேட்டலினா என்ற நீர்விமானத்தில் ரோந்து போனவர். செய்தி அனுப்பும்போதே அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார். அவர் அனுப்பிய செய்தி கொழும்பு தயாராக உதவியது.

மேலே இருந்தவர் ஒருவர், கீழே மலைக்கு ஓடிவந்த ஜனத்துக்குக் கஞ்சி ஊற்றியதாகச் சொல்லும் பாட்டி ஒருவர். இருவரும் பார்த்தது ஒரே போரைத்தான். விமானிகளின் நினைவு மட்டும் சேர்ந்துகொண்டே போய், குண்டு விழுந்த ஊரின் நினைவு இல்லாமல் போனால் அது பாதிக் கணக்கு. என் அப்பாவின் பதிவிலும் எனக்கு உள்ள குறை அதுதான்: ஆற்றின் அக்கரையில் இருந்த ஜனங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

திரும்பி வராத விமானியின் வீட்டில் என்ன பேசுவது?

“இன்னுமா நினைச்சிட்டு இருக்கீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். 1965, 1971 போர்களில் காணாமல் போன நம் படையினர் 54 பேர் என்று அரசின் பட்டியல் சொல்கிறது. அதில் விமானப்படையினர் கணிசம். ஃப்ளைட் லெப்டினன்ட் தாம்பே 1971 டிசம்பர் 5 அன்று காணாமல் போனார். அவர் மனைவி தமயந்தி தேசிய பாட்மின்டன் சாம்பியன். திருமணமாகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பல பத்தாண்டுகள் கணவரைத் தேடினார். சாவு நடந்தால் காரியம் செய்யலாம், திதி கொடுக்கலாம். காணாமல் போனவருக்கு எந்தத் தேதியில் எதைச் செய்வது? அப்படிப்பட்ட வீட்டில் அவர் எப்படிப் போனார் என்று கேட்க வேண்டாம். எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்று கேளுங்கள்.

அவர் போய்விட்டார். இனி யாரைக் கேட்பது?

வீட்டில் இருந்தவரை. போருக்குப் போன விமானிகளைப் பற்றிக் கேட்பவர்கள், ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்பதே இல்லை. நானும் அப்பா போன பிறகுதான் அம்மாவிடம் போனேன்.

அம்மா அப்போது குன்னூரில் பாட்டி வீட்டில் இருந்தார், நான் கைக்குழந்தை. அப்பாவின் கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற படைத் தபால் முகவரி மட்டும் இருக்கும். நலம், நலமறிய ஆவல், குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். கார்த்திகைக்கு அகல் விளக்கு ஏற்றி இரண்டு நாள்கூட ஆகவில்லை, ராத்திரி ரேடியோவில் போர்ச் செய்தி வந்தது. மறுநாள் காலையில் பாட்டி அகல்களைக் கழுவி வைக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டாராம். அப்பாவின் கடிதம் வரும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு அகலை ஏற்றி, மேகம் மறைத்தாலும் தெரியட்டும் என்று வாசல் திண்ணையில் வைத்தாராம்.

“அப்பாகிட்ட இதைச் சொன்னீங்களாம்மா?”

“அவர் கேக்கலையே கண்ணு.”